பெரிய எழுத்து, சின்ன எழுத்து: பைல் பெயரில் வரும் நஷ்டம்

நம் கணக்குப்பிள்ளை சிட்டையில் 'துவரம்பருப்பு' என்று எழுதினால் அது துவரம்பருப்புதான். தடித்த பேனாவில் எழுதினாலும், பென்சிலில் பொடியாக எழுதினாலும், குடோன் ஆள் அந்த மூட்டையைத்தான் எடுத்து வருவார். தமிழ் எழுத்தில் பெரியது, சின்னது என்ற பேதமே கிடையாது. ஆங்கிலத்தில் அந்தப் பேதம் உண்டு. பள்ளியில் பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி என்று இரண்டு வரிசை படித்தோம். ஆனால் கடையில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. பில்லின் தலைப்பைப் பெரிய எழுத்தில் அடித்தாலும் சின்ன எழுத்தில் அடித்தாலும் கடை ஒன்றுதான்.

இன்று நம் கொள்முதல் பில், ஸ்டாக் பட்டியல், பாக்கிக் கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. சில கம்ப்யூட்டர்களுக்குப் பெரிய ஏ வேறு, சின்ன ஏ வேறு. இது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கொண்டு சொல்கிறோம். அவர் பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இரண்டு வருட பில் எங்கே?

அவர் மளிகை மொத்த வியாபாரி. கொள்முதல் பில் வந்ததும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைப்பது அவர் வழக்கம். பழைய கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதால், படித்த அக்காள் மகன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். தினமும் இரவு எல்லாப் பில்களும் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலாகும்படி ஒரு வரிக் கட்டளையும் எழுதி வைத்தார். 'பிடிஎஃப் என்று முடியும் பைல்களை எல்லாம் அங்கே நகலெடு' என்பதே அதன் பொருள். காகிதப் பில்கள் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்ததும், கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று உறுப்பினர் அவற்றைக் கழித்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்துக் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க் கெட்டது. அதை அடுத்து, உள்ளீட்டு வரி வரவு எடுத்ததற்கான கொள்முதல் பில்களைக் காட்டச் சொல்லி வரித் துறையிலிருந்து கடிதம் வந்தது. நகல் டிஸ்க்கைத் திறந்தால் பாதிப் பில்கள்கூட இல்லை. செல்போனில் படம் எடுத்து ஏற்றிய பில்கள் எல்லாம் இருந்தன. கடை ஸ்கேனரில் எடுத்த பில் ஒன்றுகூட இல்லை.

"மாமா, பேக்கப் தினமும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒரு நாள்கூட எரர் வரலை" என்றார் மருமகன். அவர் சொன்னது பொய்யல்ல. கடை ஸ்கேனர் தன் பைல்களுக்குப் பெயரின் கடைசியில் 'பிடிஎஃப்' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. செல்போன் செயலி அதையே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மருமகன் கட்டளையில் எழுதியது சின்ன எழுத்து. லினக்ஸ் தனக்குச் சொன்னதை மட்டும் செய்தது. சின்ன பிடிஎஃப் எல்லாம் நகலாயின. பெரிய பிடிஎஃப் எதுவும் நகலாகவில்லை. ஒரு பைல்கூடப் பொருந்தாமல் இருந்திருந்தால் முதல் நாளே பிழைச் செய்தி வந்திருக்கும். சில பொருந்தியதால் கம்ப்யூட்டருக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு நம் உறுப்பினர் சரக்கு வாங்கிய ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி மறு நகல் கேட்டார். பழக்கத்துக்காகப் பலர் கொடுத்தார்கள். ஒரு சிலர் தொழிலையே விட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பில்களுக்கு எடுத்த வரவை விட்டுக் கொடுத்து வட்டியோடு கட்ட வேண்டியதாயிற்று. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளையும் ஆவணங்களையும் நாம் வைத்திருக்க வேண்டும் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறோம்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது எண்

பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு என்று கம்ப்யூட்டர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது? கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது; எண்தான் தெரியும். ஆஸ்கி என்ற அமெரிக்கத் தர அட்டவணையில் பெரிய ஏ-வுக்கு எண் 65, சின்ன ஏ-வுக்கு 97. பெரிய இசட் 90, சின்ன இசட் 122. ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே வித்தியாசம் 32. நம் கண்ணுக்கு ஒரே எழுத்தின் இரு உருவம்; கம்ப்யூட்டருக்கு 65-ம் 97-ம் வெவ்வேறு. 65 ரூபாயும் 97 ரூபாயும் ஒன்றா என்று கேட்டால் நாமும் இல்லை என்றுதானே சொல்வோம்?

இந்த அட்டவணை 1963-ல் முதலில் வெளியானபோது அதில் சின்ன எழுத்துகளே இல்லை. 1967-ல் திருத்தியபோதுதான் சேர்ந்தன. அக்காலத்தில் கம்ப்யூட்டரோடு பேசப் பயன்பட்ட 'டெலிடைப் மாடல் 33' என்ற தட்டச்சு இயந்திரத்திலும் பெரிய எழுத்து மட்டுமே உண்டு.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயக்க முறையைத் தொடங்கினார்கள். பெரியது வேறு, சின்னது வேறு என்று இரண்டையும் தனித்தனிப் பெயராகவே அது எடுத்துக்கொண்டது. கட்டளைகளும் சின்ன எழுத்தில் அமைந்தன. சின்ன எழுத்து இல்லாத பழைய இயந்திரத்திலிருந்து ஒருவர் தன் பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் அடித்து உள்ளே வந்தால், 'இவரிடம் சின்ன எழுத்து இல்லை போலும்' என்று யூனிக்ஸ் தானே முடிவு செய்து, அவர் அடிப்பதை எல்லாம் சின்ன எழுத்தாக மாற்றிக்கொள்ளும். பின்னால் வந்த லினக்ஸ் இந்த யூனிக்ஸ் வழியையே பின்பற்றியது.

இன்னொரு பக்கம், 1974-ல் கேரி கில்டால் உருவாக்கிய சிபி-எம், 1981-ல் வந்த டாஸ் ஆகியவை வேறு வழியில் போயின. நாம் எப்படி அடித்தாலும் பெயரைப் பெரிய எழுத்தாக்கி, எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்து வால் என்று எழுதி வைத்தன. 1995-ல் விண்டோஸ் 95 வந்ததும் நீளப் பெயர் வைக்க முடிந்தது. நாம் வைத்த பெரிய எழுத்து, சின்ன எழுத்தை அது அப்படியே காட்டும். ஆனால் தேடும்போது பேதம் பார்க்காது. இன்றைய விண்டோசும் வழக்கமாக அப்படியே. விண்டோசில் கை பழகிய நம்மவர் லினக்ஸ் பக்கம் வரும்போது தடுக்கி விழுவது இதனால்தான்.

நட்சத்திரக் குறியை விரிப்பவர் யார்?

கட்டளை வரியில் 'எல்லாம்' என்று சொல்ல நட்சத்திரக் குறி போடுகிறோம். 'நட்சத்திரம், புள்ளி, பிடிஎஃப்' என்றால் பிடிஎஃப் என்று முடியும் எல்லாப் பைலும் என்று அர்த்தம். கேள்விக்குறி போட்டால் ஏதோ ஒரே ஓர் எழுத்து. சதுர அடைப்புக்குள் எழுத்துகளைப் போட்டால் அவற்றுள் ஏதாவது ஒன்று.

டாஸில் இந்த நட்சத்திரம் அப்படியே கட்டளையிடம் போகும்; பைல்களைத் தேடி எடுப்பது அந்தக் கட்டளையின் வேலை. யூனிக்ஸ், லினக்ஸில் அப்படியல்ல. நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் 'ஷெல்' என்ற இடைத்தரகர் முதலில் நட்சத்திரத்தை விரித்து, பொருந்தும் பெயர்களை எல்லாம் வரிசையாக எழுதி, பிறகுதான் நகலெடுக்கும் கட்டளையிடம் கொடுப்பார். தொடக்க கால யூனிக்ஸில் இந்த வேலைக்கு 'குளோப்' என்று தனி நிரலே இருந்தது. அந்தப் பெயரே இன்றும் இந்த முறைக்கு நிற்கிறது. ஆகவே நகலெடுக்கும் கட்டளைக்கு நட்சத்திரம் கண்ணில் படுவதே இல்லை. தரகர் கொடுத்த பட்டியலில் இருப்பதை மட்டும் அது நகலெடுக்கும். பட்டியலில் விட்டுப்போனது அதற்கு எப்படித் தெரியும்?

லினக்ஸில் பரவலாக உள்ள ஷெல்லின் பெயர் பேஷ். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் என்பவர் எழுதி வெளிவந்தது. எழுத்துப் பேதம் பார்ப்பதே அதன் வழக்கம்.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இன்னொரு குழப்பம். மேக்கின் டிஸ்க் வழக்கமாகப் பேதம் பார்க்காது. பைலின் முழுப் பெயரை எப்படி அடித்தாலும் திறக்கும். ஆனால் அதே இடத்தில் பேஷ் ஷெல்லில் நட்சத்திரம் போட்டால், பொருத்திப் பார்ப்பது டிஸ்க் அல்ல, ஷெல். ஷெல் பேதம் பார்க்கும். முழுப் பெயரைச் சொன்னால் கிடைக்கும் பைல், நட்சத்திரம் போட்டால் கிடைக்காமல் போகும்.

'ஏ முதல் இசட் வரை' என்றால்?

சதுர அடைப்புக்குள் 'சின்ன ஏ முதல் சின்ன இசட் வரை' என்று போட்டால் சின்ன எழுத்து மட்டும்தானே வர வேண்டும்? பல வருடங்கள் அப்படி வரவில்லை. கம்ப்யூட்டரில் மொழி அமைப்பை ஆங்கிலம் என்று வைத்திருந்தால், ஷெல் அகராதி வரிசையைப் பார்க்கும். அகராதியில் சின்ன ஏ, பெரிய ஏ, சின்ன பி, பெரிய பி என்று ஜோடி ஜோடியாக வரும். அந்த வரிசையில் சின்ன ஏ-வில் தொடங்கிச் சின்ன இசட்டில் நிறுத்தினால் இடையில் உள்ள பெரிய எழுத்துகளும் உள்ளே வந்துவிடும். கடைசியில் நிற்கும் பெரிய இசட் மட்டும் வெளியே நிற்கும்!

சின்ன எழுத்துப் பைல்களை மட்டும் அழிக்க நினைத்தவர் பெரிய எழுத்துப் பைல்களையும் சேர்த்து இழக்க இது வழி செய்தது. 2014-ல் வந்த பேஷ் 4.3 பதிப்பில் இதைச் சரிசெய்ய ஒரு விருப்பம் சேர்ந்தது. 2019-ல் வந்த 5.0 பதிப்பு முதல் அதுவே வழக்கமாயிற்று. பழைய கம்ப்யூட்டரில் பழைய பதிப்பு இருக்கலாம். வாங்கியவர் எல்லோரும் புதியதுக்கு மாறியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இரண்டு பைல் ஒன்றாகும் ஆபத்து

லினக்ஸில் 'ஸ்டாக்' என்ற பெயரைப் பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் ஒன்று என இரண்டு பைலாக ஒரே போல்டரில் வைக்கலாம். ஒன்றில் இந்த மாத இருப்பு, மற்றதில் போன மாத இருப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பென் டிரைவுக்கு மாற்றினால்? பென் டிரைவ்கள் பெரும்பாலும் பேதம் பார்க்காத முறையில் அமைந்தவை. அங்கே அந்தப் பெயரில் ஒன்றுதான் தங்கும். சில நிரல்கள் எச்சரிக்கும். சில கேட்காமல் ஒன்றின் மேல் மற்றதை எழுதிவிடும்.

இது நம் போன்றவருக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். லினக்சின் மூல நிரல் தொகுப்பிலேயே பல ஆண்டுகளாக எழுத்துப் பேதம் மட்டுமே உள்ள ஜோடிப் பைல்கள் இருந்து வந்தன. அதை விண்டோசில் விரித்தவர்கள் சில பைல்களை இழந்தார்கள். 2014 டிசம்பரில், நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் 'கிட்' என்ற கருவியில் பெரிய ஓட்டை கண்டறியப்பட்டது. அதன் முக்கியமான உள் போல்டரின் பெயரை எழுத்து மாற்றி அனுப்பினால், கருவி வேறு பெயர் என்று நம்பி அனுமதிக்கும். விண்டோஸ், மேக் டிஸ்க்குகளோ அதே பெயர் என்று எடுத்துக்கொண்டு அசலை மாற்றிவிடும். அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள். வாசலில் இருப்பவரும் உள்ளே இருப்பவரும் வெவ்வேறு பட்டியல் வைத்திருந்தால் கடையில் என்ன ஆகுமோ, அதுதான் அங்கும் ஆனது.

சொந்த இணையதளம் வைத்திருக்கும் வணிகர்களும் கவனிக்க வேண்டும். கடையின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்த விலைப்பட்டியல், இணையத்தில் ஏற்றியதும் 'கிடைக்கவில்லை' என்று வருவதுண்டு. இணைய சர்வர்கள் பல லினக்ஸில் ஓடுகின்றன. தளத்தின் பெயரை எந்த எழுத்தில் அடித்தாலும் போகும். அதற்குப் பின்னால் வரும் பைல் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பல இடங்களில் போகாது.

தமிழில் பெயர் வைத்தால் தப்பலாமா?

தமிழில்தான் பேதம் இல்லையே, பைலுக்குத் தமிழிலேயே பெயர் வைத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். நல்ல யோசனைதான், ஆனால் அங்கும் ஒரு கண்ணி உண்டு. 'கொள்முதல்' என்பதில் வரும் 'கொ' எழுத்தை யூனிகோடு முறையில் இரண்டு விதமாகப் பதியலாம். 'க'-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு பெயராக வைத்துக்கொள்ளும். 'ஔ' என்ற உயிரெழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்களும் உண்டு. ஆங்கிலத்திலாவது பெரியது சின்னது கண்ணுக்குத் தெரியும். இது கண்ணுக்கே தெரியாது. ஒரே கடையில் எல்லோரும் ஒரே விசைப்பலகை முறையில் அடித்தால் இந்தச் சிக்கல் குறையும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கடைக்கு ஒரே பெயர் முறை வேண்டும். எல்லாப் பைலுக்கும் சின்ன எழுத்து மட்டும். இடைவெளிக்குப் பதில் சிறு கோடு. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது. அதைக் காகிதத்தில் எழுதிக் கம்ப்யூட்டர் அருகே ஒட்டி வையுங்கள். ஸ்கேனர், செல்போன் செயலி ஆகியவை எந்த எழுத்தில் வால் போடுகின்றன என்று ஒரு முறை பாருங்கள்.

2. பேக்கப்புக்கு நட்சத்திரமும் வாலும் போட்டுப் பொறுக்கி எடுக்க வேண்டாம். போல்டரை முழுதாக நகலெடுங்கள். வேண்டாத நாலு பைல் கூட வந்தால் நஷ்டமில்லை.

3. பொறுக்கித்தான் எடுக்க வேண்டும் என்றால், பேதம் பார்க்காமல் தேடச் சொல்லுங்கள். 'ஃபைண்ட்' கட்டளையில் 'நேம்' என்பதற்குப் பதில் 'ஐநேம்' என்று போட்டால் இரண்டு வகையும் வரும். சதுர அடைப்பு ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் போட்டு எழுதுவது இன்னொரு வழி.

4. பேஷ் ஷெல்லில் 'நோகேஸ்குளோப்' என்ற அமைப்பை 'ஷாப்ட்' கட்டளையால் இயக்கினால் நட்சத்திரம் பேதம் பார்க்காது. ஆனால் திரையில் ஒரு முறை இயக்கியது, தானாக இரவில் ஓடும் நிரலுக்குப் பொருந்தாது. அந்த நிரலுக்குள்ளேயே எழுத வேண்டும், அந்த நிரலும் பேஷில்தான் ஓட வேண்டும். இந்த அமைப்பு இயங்கும்போது அழிக்கும் கட்டளையும் கூடுதலாக அழிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

5. அழிப்பதற்கு முன் பட்டியல் பாருங்கள். 'ஆர்எம்' என்று தட்டுவதற்கு முன் அதே நட்சத்திரத்தோடு 'எல்எஸ்' என்று தட்டி, வருகிற பெயர்களைப் படியுங்கள்.

6. பழைய பைல்களைச் சின்ன எழுத்துக்கு மாற்றும்போது, அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். 'எம்வி' கட்டளையோடு சிறு கோடும் சின்ன என்-னும் சேர்த்தால் இருப்பதன் மேல் எழுதாது. கட்டளையோடு சேர்க்கும் இந்த எழுத்துகளுக்கும் பேதம் உண்டு: 'எல்எஸ்'-உடன் சின்ன ஆர் போட்டால் வரிசை தலைகீழாகும், பெரிய ஆர் போட்டால் உள் போல்டர்களும் சேர்ந்து வரும்.

7. மாதம் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் எத்தனை பைல், நகல் டிஸ்க்கில் எத்தனை பைல்? எண்ணும்போதும் நட்சத்திரமும் வாலும் போட்டு எண்ணினால் அதே தவறு இரண்டு பக்கமும் நடக்கும்; கணக்கு சரியாக இருப்பது போலவே தெரியும். போல்டர் முழுவதையும் எண்ணுங்கள். கூடவே ஏதாவது பத்துப் பில்லை நகல் டிஸ்க்கிலிருந்து திறந்து பாருங்கள்.

குடோனில் சாக்குக் கட்டிவிட்டு 'எல்லாம் ஏற்றியாயிற்று' என்று ஆள் சொன்னாலும், நாம் ஒரு முறை மூட்டையை எண்ணாமல் லாரியை அனுப்புவதில்லை. ஆள் மேல் சந்தேகத்தால் அல்ல; எண்ணுவது முதலாளியின் கடமை என்பதால். கம்ப்யூட்டரும் அந்த ஆள் மாதிரிதான். சொன்னதைச் செய்யும், சொல்லாமல் விட்டதைக் கேட்காது.

நம் உறுப்பினர் இப்போது பில்களை இரண்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறார்; காகிதத்தையும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மருமகனை அருகில் உட்காரவைத்து எண்ணிக்கை பார்க்கிறார். "அவன் மேல தப்பில்ல, நான் எண்ணிப் பார்க்காம விட்டதுதான் தப்பு" என்று நம்மிடம் சொன்னார். அவர் பட்ட நஷ்டம் மற்றவருக்கு வராமல் இருக்கட்டும் என்றே இதை எழுதச் சம்மதித்தார். இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் நகல் டிஸ்க்கை ஒரு முறை திறந்து எண்ணிப் பாருங்கள்.